கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவில்

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று முழுக்க நீ போன் செய்துகொண்டே இருந்தாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே நழுவிவிடுவாய். எழுத்தில் நழுவ முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

மாட்டுக் கொட்டகைக் கதவில் நகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன வாரம் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். ஒருவன் கொட்டகைத் தூணில் நுனியைப் பிடித்துக்கொண்டான், இன்னொருவன் புதுவீட்டுச் சுவர் வரைக்கும் நடந்தான். இருபத்தொரு மீட்டர். குடியிருப்பிலிருந்து முப்பது மீட்டருக்குள் மாடு, ஆடு எதுவும் கட்டக் கூடாதாம். புது விதியாம். ஜூன் முடிவதற்குள் ஏழு மாடுகளையும் அப்புறப்படுத்த வேண்டுமாம். அப்புறப்படுத்து என்றுதான் எழுதியிருக்கிறார்கள், குப்பையைச் சொல்வது மாதிரி.

டேப் பிடித்தவனிடம் கேட்டேன். "ஏம்ப்பா, எங்கப்பா காலத்துலேர்ந்து கொட்டகை இங்கயேதான் நிக்குது. வீடுங்கதானே நடந்து பக்கத்துல வந்துச்சு? நோட்டீஸை அந்தச் சுவத்துல ஒட்டு." அவன் சிரித்தான். "ரூல்ஸ்ல அப்படி இல்லம்மா."

புகார் கொடுத்தது முதல் வீட்டுக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் பால்கூட வாங்குவதில்லை, பாக்கெட் பால்தான்.

அந்த வீடுகள் யார் நிலத்தில் நிற்கின்றன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பாதியை நீ விற்றாய், அவர்கள் கட்டினார்கள். அதைப் பற்றி இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான். நீ நகரமைப்புத் துறையில்தானே வேலை பார்க்கிறாய்? இந்த மாதிரி விதிகளெல்லாம் உங்கள் கட்டடத்திலிருந்துதானே வருகின்றன? முப்பது என்று யாருடா வைத்தது?

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். முப்பது என்று வைத்தவர்களில் நானும் ஒருவன்.

விதிகளை எழுதிய குழுவில் ஐந்து பேர் இருந்தோம். சுகாதாரத் துறைக்காரர் ஐம்பது மீட்டர் வேண்டும் என்றார். கால்நடை டாக்டர் இருபது போதும் என்றார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எல்லோருக்கும் பசி. நான் எழுந்து போய்ப் பலகையில் முப்பது என்று எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி எதுவும் கிடையாது.

நீ அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். இல்லை, எழுதும்போது நம் கொட்டகை ஞாபகம் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

நீ மேல்முறையீடு செய்யலாம். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். நான் குழுவில் இருப்பதால் இதில் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. உனக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கோபப்படாமல் படி. உனக்கும் வயதாகிறது. தனியாக இருக்கிறாய். ஏழு மாட்டோடு எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவாய்? இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. என் வீட்டுக்காரியும் வரச் சொல்கிறாள். யோசித்துப் பார்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

அந்த அறை எனக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியும் பழைய சூட்கேசும் இருக்கிற அறை. மூன்றாவது பொருளாக நான் வரவில்லை.

நீ வேண்டுமென்று செய்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். "உனக்கு என் மேல என்னடா அவ்வளவு ஆத்திரம்" என்று நேரில் வந்தே கேட்டிருப்பேன். ஞாபகமே வரவில்லை என்கிறாயே, அதற்கு நான் யாரோடு சண்டை போடுவது? மாடு, கொட்டகை, முப்பது மீட்டர் என்று ஐந்து பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். அந்தப் பால் குடித்துப் படித்தவன் பலகை முன்னால் நிற்கிறான். அவனுக்கு அக்கா ஞாபகம் வரவில்லை.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். எழுந்தால் கொட்டகைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நடக்கிறேன். நடந்து நடந்து அங்கே புல்லே தேய்ந்துவிட்டது. மாடுகளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. கறுப்பி கறக்க விடாமல் உதைக்கிறாள். டீச்சர் மட்டும் எப்போதும் போல எல்லோரையும் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். உனக்கு டீச்சரைத் தெரியாது. நீ போனதற்கு அப்புறம் பிறந்தவள். வெள்ளை மாடு. வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரித்தான் என்னைப் பார்ப்பாள்.

இன்றைக்கு அந்த டிரைவர் வீட்டுக்குப் போய் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரப்போகிறேன். கறவை நேரம் ஆகிவிட்டது. மிச்சத்தை எழுதாமல் அப்படியே தபாலில் போடுகிறேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

டிரைவரிடம் போகாதே. போயிருந்தால் மறுபடி போகாதே. விசாரணைக்கு முன்னால் அங்கே வாய்த் தகராறு நடந்தால் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. ஒரு காரியம் செய்தேன். விதியில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். வீடுகள் வருவதற்கு முன்பே இருந்த கொட்டகைகளுக்கு விலக்கு தர வேண்டும் என்று. நியாயமான திருத்தம். முதலிலேயே இருந்திருக்க வேண்டியது.

மேலதிகாரி படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "திடீர்னு இது எங்கேர்ந்து வந்துச்சு? உங்க சொந்தக்காரங்க யாராவது மாடு வெச்சிருக்காங்களா?"

"எங்கக்கா வெச்சிருக்காங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். அவருக்கும் வேறு வழியில்லை. என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வரைபடப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய படங்களைச் சரிபார்க்கும் வேலை. ஆனால் திருத்தம் நிற்கிறது. அதை மேலே அனுப்பியிருக்கிறார்கள். யார் எழுதினாலும் நியாயம் நியாயம்தானே என்றாராம் கால்நடை டாக்டர்.

அது ஒப்புதலானால் நீ விசாரணையில் ஒரே வரி சொன்னால் போதும்: கொட்டகை முந்தியது, வீடுகள் பிந்தியவை. ஜெயித்துவிடுவாய்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் போய்விட்டு வந்துவிட்டேன். உன்னைக் குழுவிலிருந்து எடுத்ததைப் படித்து மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் கேட்டேனா உன்னை? கேட்டேன், ஒருவிதத்தில் கேட்டேன்தான். சரி, இதைக் கேள்.

போகும்போதே சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். டிரைவர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் "அப்பாடா, நல்ல நேரத்துக்கு வந்தீங்கம்மா" என்றார். பாதி வசனம் அங்கேயே போயிற்று. "மருந்துக்கடை மூடறதுக்குள்ள போகணும். அவளத் தனியா விட்டுட்டுப் போக முடியாது. அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டார். சண்டைக்குப் போனவளைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார் மனுஷன்.

உள்ளே அவர் மனைவி. பக்கவாதம். கை கால் எதுவும் வராது, பேச்சும் குழறல்தான். கண் மட்டும் முழு உயிரோடு இருக்கிறது. நம் கொட்டகையைப் பார்த்த அறை அது. அந்தப் புழுக்கத்திலும் ஜன்னலைச் சாத்தி, மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியும் ஈ. அந்தம்மாவின் இமையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கண்ணைச் சிமிட்டினார். பறந்து போய் உதட்டில் உட்கார்ந்தது. உதட்டை அசைத்தார், போகவில்லை. அப்படியே என்னைப் பார்த்தார்.

நான் விரட்டினேன். இன்னொன்று வந்தது. முந்தானையால் விசிறினேன். விசிறிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் வருகிறது. நடுவில் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நேர் எதிரே என் சாணிக் குவியல். அதற்குப் பின்னால் டீச்சர், என்னையே பார்த்துக்கொண்டு. என் கொட்டகையை இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. நாற்றம்கூட அங்கேயிருந்து வேறு மாதிரி இருக்கிறது.

டிரைவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "இதை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?" என்றேன். சண்டையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

"ரெண்டு தடவை வந்தேம்மா. கறவை நேரம், அப்புறம் வாங்கன்னீங்க."

சொல்லியிருப்பேன். எல்லோரிடமும் அதைத்தானே சொல்கிறேன்.

"மாட்டு மேல எனக்கென்ன கோபம்? நடுரோட்டுல படுத்திருக்கிற மாட்டுக்கு பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து, கெஞ்சி வழி கேட்டவன் நான். இவளால கையத் தூக்க முடியல. அவ்வளவுதான்."

மறுநாளே சாணிக் குவியலைக் கால்வாய்ப் பக்கம் மாற்றிவிட்டேன். ஈ கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. மாடு இருக்கிற இடத்தில் ஈ இருக்கத்தானே செய்யும்? நீ ஜெயித்துவிடுவாய் என்கிறாய். எதை ஜெயிக்கிறேன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

திருத்தம் ஒப்புதலாகிவிட்டது. மே 9 உனக்கு விசாரணை.

அந்தம்மா நிலைமை கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் இருக்கிற எல்லாக் கஷ்டத்துக்கும் நீ பொறுப்பில்லை. நான் எதை விட்டுக்கொடுத்து இதை வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். வரைபடப் பிரிவில் என் மேஜைக்கு ஜன்னலே கிடையாது. தயவுசெய்து போ, கையெழுத்துப் போடு, வந்துவிடு. வேறெதுவும் பேசாதே.

தம்பி


மே 10

தம்பிக்கு,

பேசிவிட்டேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். நல்ல மாதிரி. "அம்மா, உங்க கொட்டகை வீடுகளுக்கு முந்தினது. புதுத் திருத்தப்படி உங்களுக்கு விலக்கு உண்டு. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நீங்க கிளம்பலாம்" என்றார். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் டிரைவர். அவர் மட்டும் எழுந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். அவர் பேசவில்லை. கையில் இருந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "மேடம், ஜன்னலுக்கு வெளிப்பக்கமா வலை அடிச்சுக்கலாமா? இல்ல அதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன்.

"மேடம், என் வீடு அவங்க வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

படத்தைப் பிரித்து அளந்தார்கள். நம் வீடு மனையின் அந்தக் கோடியில், கால்வாயை ஒட்டி இருக்கிறதல்லவா? ஐம்பது மீட்டருக்கு மேல் வந்தது.

"அப்போ மாடுங்க வீட்டுல இருக்கட்டும். நான் கொட்டகையில இருந்துக்கறேன்."

குமாஸ்தா சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "சொந்தக்காரர் வீட்டுக்குத் தூரக் கணக்கு கிடையாது... மனுஷங்க எங்க இருக்கணும்னும் இதுல எதுவும் சொல்லலை..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். கடைசியில், "செய்யலாம்மா. ஆனா ரெண்டு கட்டடத்துக்கும் உபயோகம் மாறுது. முறையா பிளான் வரைஞ்சு கொடுக்கணும்" என்றார்.

உன் திருத்தம் வீணாகிவிட்டது என்று நினைக்காதே. எனக்கு அடுத்தபடியாக நின்ற ஆட்டுக்காரர் அதிலேதான் தப்பித்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிளான் வரைய எனக்கு உன்னைத் தவிர யாரைத் தெரியும்? வரைந்து அனுப்பு.

அக்கா


மே 17

அக்கா,

முடியாது.

நம் அப்பா கட்டிய வீடு. நான் பிறந்தது அந்த வீட்டில். அம்மா போனது அந்தக் கூடத்தில். அங்கே மாட்டைக் கட்டுவதற்கு நானே கோடு போட்டுத் தர வேண்டுமா? உனக்காகப் போராடி வாங்கிக் கொடுத்ததை எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, அதை ஒரு சமாசாரம் மாதிரி எழுதுகிறாய். நிலத்தை விற்றதற்கு இது தண்டனையா? அப்படியென்றால் அதை நேராகச் சொல்லிவிடு.

தம்பி


மே 24

தம்பிக்கு,

தண்டனை இல்லை. நேராகத்தான் சொல்கிறேன்.

நீ விற்றபோது எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. அது வேறு. இது அதற்குப் பதில் இல்லை.

அந்த வீடு உன் மனசில் வீடாக இருக்கிறது. நான் அதற்குள் இருக்கிறேன். கூடத்தில் தவிட்டு மூட்டை. உன் அறையில் புண்ணாக்கு. மாடி ஏறி வருஷக்கணக்காகிறது. சமையலறை மூலையில் பாயைப் போட்டுப் படுக்கிறேன். இத்தனை அறையையும் பெருக்குவது யாருக்காக என்று தெரியாமல் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். அம்மா அந்தக் கூடத்தில் போனாள், உண்மைதான். போவதற்கு முந்தின நாள்கூட என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "கன்னுக்குட்டிக்குத் தண்ணி வெச்சியா?" என்றுதான் கேட்டாள். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஏழு மாடு இல்லையென்றால் நான் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும், சொல். அந்தம்மா ஜன்னலைத் திறக்க முடியவில்லையென்றால் நான் எப்படித் தூங்குவது, அதையும் சொல். இரண்டுக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த ஒரே வழி இது. நீ வரையவில்லையென்றால் ஜெராக்ஸ் கடைக்காரன் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குச் சதுரம் போடவே வராது.

அக்கா


ஜூன் 2

அக்கா,

பிளானை இதோடு வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் வரைய மனம் வரவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்துவிட்டு வரைந்தேன். அளவுகளைக் கேட்டு உனக்கு எழுத நினைத்தேன், தேவைப்படவில்லை. எந்தச் சுவர் எங்கே திரும்புகிறது, எந்தப் படி உயரம் குறைவு, எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு அறைக்குள்ளும் அதன் புது உபயோகத்தை எழுத வேண்டும், அது சட்டம். கூடத்தில் "கறவை மாடுகள்" என்று எழுதினேன். என் அறையில் "கன்றுகள்" என்று எழுதும் முன்னால் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். வீட்டுக்காரி பென்சிலைச் சீவி வைத்திருந்தாள்.

ஒரு சிக்கல். வாசற்படி குறுகல். மாடு நுழையாது. சுவரை இடித்து அகலப்படுத்த வேண்டும். இருக்கிற மாட்டிலேயே பெரியது எது? டீச்சரா? அவள் அகலம் என்ன என்று அளந்து எழுது. சிரிக்காதே, பிளானில் குறிக்க வேண்டும்.

லீவு போட்டிருக்கிறேன். 20ஆம் தேதி வருகிறேன். ஆளை வைத்து இடிக்காதே. நான் வந்து செய்கிறேன்.

தம்பி


ஜூன் 29

அக்கா,

பஸ் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. தோளைத் தூக்க முடியவில்லை. சுண்ணாம்பு இன்னும் நகத்திலிருந்து போகவில்லை.

அங்கே இருந்தவரைக்கும் நாம் ஒழுங்காகப் பேசவே இல்லை. இடித்தோம், பெருக்கினோம், கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தோம், சாப்பிட்டோம், தூங்கிப்போனோம். முதல் நாள் கடப்பாரையை ஓங்கி ஒரு அடி வைத்தேன். அதற்கு மேல் கை வரவில்லை. நீ வாங்கி அடிக்க ஆரம்பித்தாய். பாதிச் சுவர் விழுந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாய். அப்போது என்னிடமிருந்து ஏன் வாங்கினாய் என்று கேட்க நினைத்தேன். தூசியில் வாய் திறக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்.

டிரைவர் மாடு ஓட்டியதை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, இன்னும் கொஞ்சம்... ரைட்!" கறுப்பி அவர் சொன்னபடியே திரும்பினாளே!

டீச்சர் மட்டும் கடைசிவரை படியேறவில்லை. நான் கிளம்பும்போதும் கொட்டகையைப் பார்த்தபடி வெளியேதான் நின்றாள். உள்ளே போனாளா? அதை எழுது. என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

போய்விட்டாள். நீ கிளம்பிய பிறகு இரண்டு நாள் வெளியிலேயே நின்றாள். நானும் கெஞ்சினேன், திட்டினேன், தீவனத்தைக் காட்டினேன். அசையவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. யாரும் கூப்பிடாமல், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது மாதிரி, நிதானமாகப் படியேறி உள்ளே போனாள். கூடத்தில் நிற்கவில்லை. நேராக உன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். கன்றுகளையெல்லாம் கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பிளானுக்கு மாறுதான். நீ யாரிடமும் சொல்லிவிடாதே.

அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு இன்னும் இந்தக் கொட்டகை பழகவில்லை. நாம் அடித்த சுண்ணாம்பையும் மீறிப் பழைய வாசனை தரையிலிருந்து வருகிறது. பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன். எழுந்து எழுந்து வாசலுக்கு வந்து நிற்கிறேன். முதல் வீட்டு ஜன்னல் இப்போது நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. அந்தம்மாவைக் கட்டிலோடு ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார் டிரைவர். நான் துணி காயப்போடுவதை, அடுப்பு மூட்டுவதை, தேடியதே தேடுவதை எல்லாம் அந்தம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "ஒரு இடத்துல உக்காரவே மாட்டீங்களான்னு கேக்கறாம்மா!"

நீ எப்போது அடுத்த லீவு போடுவாய்? உன் வீட்டுக்காரியையும் கூட்டி வா. படுக்க இடம் இருக்கிறது, வாசனையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலையில் பால் கறக்க வீட்டுக்குப் போனேன். பழக்க தோஷம், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கால் மண்ணைத் தட்டிவிட்டு, படி ஏறிக் கூடத்துக்குள் போனேன். நேராகச் சாணியில்தான் மிதித்தேன். அப்படியே நின்றேன். கன்றுகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் வெளியே வந்து காலைக் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போனேன்.

அக்கா